பின்சீட்டைக் கழற்றாத ஒர்க்‌ஷாப்

கார் பிரேக்கைச் சரிசெய்ய ஒருவன் கோயம்புத்தூரிலிருந்து பாறசாலைக்குப் போகிறான் என்றால் அவனுக்கு எங்கோ திருகாணி கழன்றிருக்க வேண்டும் என்பது என் மனைவி கவிதாவின் கட்சி. கொல்லன் தெருவில் குடியிருந்துகொண்டு ஊசி வாங்க வெளியூர் போகிற கதைதான். எங்கள் வீட்டிலிருந்து கல்லெறிந்தால் நாலு மெக்கானிக் தலையில் விழும்.

“போறது போங்க. பின்சீட்டை மட்டும் கழட்டிப் போட்டுட்டு வந்துராதீங்க. திங்கக்கெழம எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்” என்றாள் கிளம்பும்போது. நான் கழற்றத்தான் நினைத்திருந்தேன். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் சில நாட்கள் சாதாரண ஜனங்களும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். டிராக் டே என்கிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. காலையில் காய்கறி வாங்கிய அதே காரில் மத்தியானம் வளைவு வளைவாகப் பறந்துவிட்டு, சாயங்காலம் அதிலேயே வீடு திரும்பலாம். போன தடவை பன்னிரண்டு வயசான என் சின்னக் காரைக் கொண்டுபோனேன். நாலாவது சுற்றில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிற்று. வண்டி புல்லில் ஏறி நின்றது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் நாற்பத்தொன்பது வயது என்பது அப்போது ஞாபகம் வந்தது.

கூடவே செல்வின் ஞாபகமும் வந்தது. பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். இருவரும் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி, ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் அடித்து ஓட்டியிருக்கிறோம். அவன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், எந்த வளைவு எத்தனை கூர்மை என்று எண் போட்டுக் குறித்த நோட்டுப் புத்தகத்தோடு. “வலது மூணு, பின்ன இடது ரெண்டு, பாலம்” என்று நான் வாசிக்க வாசிக்க அவன் திருப்புவான். அவனைப் போல ஓட்டுகிறவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஒரு நாள் நிஜ டிராக்கில் ஓட்ட வேண்டும் என்று ராப்பகலாகப் பேசுவோம். அந்தச் சமயம் எனக்கு மஸ்கட்டுக்கு விசா வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறிவிட்டேன். சொன்னால் போக விடமாட்டான், அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் போக மனசு வராது என்கிற பயம்தான். கோழைத்தனம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அங்கிருந்து இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

ஆகவே பிரேக் ஒரு சாக்கு. செல்வினை டிராக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். அவன் ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார வேண்டும். அவன் வருவானா மாட்டானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழைய நண்பர் ஒருவர் மூலம் நம்பர் வாங்கிப் பேசினேன். “ரவியா? வண்டியக் கொண்டு வா, பாப்போம்” என்றான். போனை வைத்துவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் எல்லையைத் தாண்டினேன். தாண்டியது தெரிவதற்குள் பாறசாலை வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் எங்கள் வீடு இருந்தது எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், அவன் வீடு கேரளப் பக்கம். சைக்கிளில் ஒரு மிதி மிதித்தால் வேறு மாநிலம். இரண்டு பக்கமும் ஒரே முகங்கள்தான். டீக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரிடம் மலையாளத்தில் வம்பு பேசிக்கொண்டே என்னிடம் தமிழில் “சாயாக்கு மதுரம் வேணுமா?” என்று கேட்டார். மதுரம் என்றால் சர்க்கரை. கூடவே ஒரு ரசவடை. ரசத்தில் ஊறிப் பஞ்சாகிப்போன பருப்புவடை. எங்கள் ஊர் வடை சட்னியோடு விறைப்பாக நிற்கும். இது வாயில் வைத்ததும் சரணடைந்துவிடும். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கேட்கும்போது கடைக்காரர் என் வயிற்றை ஒரு தரம் பார்த்த மாதிரி இருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு குன்னத்துகால் பக்கம் போனேன். சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். பின்னால் வீடு, அதற்குப் பின்னால் ரப்பர். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த ஒரு மனிதர் நிமிர்ந்தார். தலை நரைத்து, கொஞ்சம் கூன் போட்டு, ஆனால் கையைத் துடைத்துக்கொள்கிற விதம் அப்படியே. ஒவ்வொரு விரலாகத் துடைப்பான். செல்வின்.

கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். அவன் காரைத்தான் பார்த்தான்.

“வண்டிக்க தாக்கோல் எங்க?”

தாக்கோல் என்றால் சாவி. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணாமலே பெடலை நாலு முறை மிதித்தான். இறங்கி, நாலு மூலையையும் கையால் அமுக்கி, வண்டி எழும்புவதைக் கவனித்தான்.

“என்ன செய்யணும் இதுக்கு?”

நான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த பட்டியலை வாசித்தேன். பின்சீட்டைக் கழற்றணும். ஏசியைக் கழற்றணும். வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தணும். சைலன்சர் மாற்றணும், கொஞ்சம் உறுமுகிற மாதிரி. அவன் பொறுமையாகக் கேட்டான். பாலிடெக்னிக்கில் வாத்தியார் முன் நின்றது போல இருந்தது.

“சைலன்சர் மாத்தினா நெய்யாற்றின்கரை தாண்டுயதுக்குள்ள ஆர்டிஓ ஆப்பீசுக்காரன் புடிப்பான். கேரளத்துல இப்ப அது பெரிய குற்றமாக்கும். ரெண்டிஞ்சு தாத்தினா பள்ளி முன்னால உள்ள ஸ்பீடு ஹம்புல வண்டிக்க அடிவயறு இடிக்கும். ஏசி கிடக்கட்டு, உனக்க பெண்டாட்டி சாபம் போடும்.” கொஞ்சம் நிறுத்தினான். “பின்சீட்டு நான் களத்தமாட்டேன்.”

“ஏன்டா? அதுதானே வெயிட்டு?”

“எனக்க ஒர்க்‌ஷாப்புல களத்துயதில்ல. வேணும்ணா வேற எங்கயாவது கொண்டு போ.”

சொன்ன விதத்தில் மேலே பேச இடமில்லை. வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் லாட்ஜுக்குத் திரும்பினேன். வந்த காரியம் முதல் நாளே ஊற்றிக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. கவிதாவுக்கு மட்டும் போன் செய்து, பின்சீட்டு பத்திரம் என்றேன். அவளுக்கு முன்பின் தெரியாத செல்வின் மேல் அன்றைக்கே மரியாதை வந்துவிட்டது.

வியாழக்கிழமை கார் இல்லாமல் பஸ்ஸில் கிளம்பினேன். நின்றுகொண்டு போகிற கூட்டம், வெளியே ஒன்றும் தெரியவில்லை. “குருசடி பக்கம் எறங்கு” என்று செல்வின் சொல்லியிருந்தான். குருசடி என்பது சிலுவை வைத்த சின்ன மண்டபம். மெழுகுவர்த்தி எரியும், காணிக்கைப் பெட்டி இருக்கும். நானும் கண்டக்டரிடம் “குருசடி ஸ்டாப் ஒண்ணு” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து மலையாளத்தில், “சேட்டா, இந்த ரோட்டில் வெள்ளறடை வரைக்கும் ஏழு குருசடி இருக்கிறது. உங்களுக்கு எந்தப் புண்ணியவாளன் வேண்டும்?” என்று கேட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் உதவிக்கு வந்தார்கள். ஒரு அம்மா அந்தோணியார் என்றார், ஒருவர் செபஸ்தியார் என்றார். “செல்வினுக்க ஒர்க்‌ஷாப்பா? அத மொதல்ல சொல்லாண்டாமா!” என்று கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தபோது பஸ் அந்த இடத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருந்தது.

நடந்து வந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. இந்தப் பாதையிலா நாங்கள் அந்த வேகத்தில் போனோம் என்று திகைப்பாக இருந்தது. எதிரே வந்த வளைவை நோட்டில் “வலது மூணு” என்று எழுதியிருந்தேன் என்பது நினைவு வந்தது. இப்போது அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது. அந்த வயதின் துணிச்சலையும், செலவழிந்ததே தெரியாமல் செலவழிந்த அந்த நாட்களையும் நினைத்து, பேக்கரி வாசலில் சும்மா நின்றேன். உள்ளேயிருந்த பெண் என்ன வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். ஒரு போஞ்சி வாங்கிக் குடித்தேன். எலுமிச்சை சர்பத்துக்கு இங்கே அதுதான் பேர்.

ஒர்க்‌ஷாப்பில் என் கார் டிக்கியிலிருந்த சாமான்களைச் செல்வின் ஒரு பிளாஸ்டிக் பாயில் பரப்பி வைத்திருந்தான். மூன்று குடை. மகளுக்குப் பத்து வயதில் இருந்த ஷூ. அவளுக்கு இப்போது பத்தொன்பது. பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு. முளைவிட்ட இரண்டு தேங்காய். அரை மூட்டை கோலமாவு. நான் எப்போதோ தொலைத்ததாகச் சொல்லி மனைவியைத் திட்டிய டூல் கிட்.

“பின்சீட்டு பன்னெண்டு கிலோ கூட இருக்காது, மக்கா. இது இருபது கிலோ உண்டு. இதக் களத்தினா போராதா?” என்றான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். “பின்ன நீயும் பத்துப் பதினஞ்சு கிலோ கொறச்சா, ரேஸ் வண்டி ஆயிப்போச்சு.”

மக்கா என்று கூப்பிட்டுவிட்டான். நேற்று முழுக்கக் கூப்பிடவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது.

அன்று பிரேக் வேலை. அவன் செய்ததைச் சொன்னால் யாரும் வீட்டில் உட்கார்ந்தே புரிந்துகொள்ளலாம். டிராக்கில் திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்துவிடும், கொதித்தால் பெடலில் பிடி இருக்காது. அதற்குக் கூடுதல் சூடு தாங்கும் ஆயில். ரப்பர் ஹோஸுக்குப் பதில் மேலே கம்பி பின்னிய ஹோஸ். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேடு மட்டும் ரேஸ் பேடு வேண்டாம் என்றான். “அது சூடு கேறினாத்தான் புடிக்கும். காலத்த பால் வாங்கப் போகும்போ சூடு எங்க? பசுவத்தான் இடிக்கணும்.” சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் ஒன்று போட்டான். பிடி அதிகமுள்ள டயர் நாலு தனி ரிம்மில் கோவையில் என் வீட்டிலேயே கிடக்கட்டும், டிராக்குக்குப் போகிற அன்றைக்கு மாட்டிக்கொள், மற்ற நாளில் பழைய டயர் போதும் என்றான். எல்லாம் இப்படித்தான். ஒரு கண் டிராக்கில், ஒரு கண் பால்காரன் வீட்டில்.

மத்தியானம் அவன் மனைவி லில்லி சாப்பிடக் கூப்பிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, சாயங்காலம் கூட்டிவரும் வரைக்கும் வீட்டில் இருப்பார். வேகவைத்த மரச்சீனி, சாளைமீன் குழம்பு, காந்தாரி மிளகாய் அரைத்த துவையல். கோவையில் மரவள்ளிக் கிழங்கைச் சிப்ஸாகத்தான் பார்ப்போம். இங்கே அது சாதத்துக்கே சவால் விடுகிறது. காந்தாரியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“அண்ணனுக்கு எரிவு பழக்கம் விட்டுப்போச்சு போல” என்று லில்லி சிரித்தார். “சாரமில்ல, கொறச்சு மோரு குடியுங்க.” சாரமில்ல என்றால் பரவாயில்லை. இந்தப் பக்கத்து ஜனங்களின் பாதிப் பிரச்சினைகள் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும்.

சுவரில் செல்வினின் அம்மா படம், மேலே பிளாஸ்டிக் பூமாலை. எங்களுக்கு எத்தனை தரம் மரச்சீனி அவித்துக் கொடுத்த அம்மா. எப்போது போனார்கள் என்று கேட்டேன். “ஒம்பது வருஷம் ஆச்சு. கடைசி வர கம்பு ஊணித்தான் நடப்பாவ” என்றார் லில்லி. செல்வின் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஒழுங்காகச் சரியான குருசடியில் இறங்கினேன். செல்வின் ஷாக் அப்சார்பர் மாற்றிக்கொண்டிருந்தான். திருகினால் இறுகும், தளர்த்தினால் இளகும், அப்படி ஒரு வகை. தலையில் சின்னத் திருகு இருக்கிறது. வீட்டுக்கு இளக்கமாக, டிராக்குக்கு இறுக்கமாக வைத்துக்கொள்ளலாம். நான் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி, திங்கட்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய கதையைச் சொன்னேன். பழைய நாட்கள் மாதிரியே இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“பின்சீட்டில் உனக்கு என்ன இத்தனை பிடிவாதம்? நாம நம்ம காரில் ஒரு சாமான் விட்டு வைக்கலையே. ஹார்ன் வரைக்கும் கழட்டினோமே.”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“களத்தின சீட்டு எங்க இருந்து, ஓர்மை உண்டா?”

இருந்தது. எங்கள் வீட்டில். கூடத்தில் செங்கல் அடுக்கி மேலே வைத்திருந்தோம். என் அம்மா அதில் சாய்ந்துதான் டிவி பார்ப்பாள். வீட்டுக்கு வந்த முதல் சோபா அது.

“நீ போன அண்ணைக்கு இங்க ஹர்த்தால்” என்றான் செல்வின். அவன் பேச்சு சிரமமில்லாமல் வந்தது. பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு. “பஸ் இல்ல, ஆட்டோ இல்ல. காலத்த அம்ம கிணத்தங்கரையில வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு பொட்டிப்போச்சு. ஹர்த்தாலுக்கு நோயாளி இருக்குத வண்டிய ஆரும் தடுக்கமாட்டினும். வண்டி முற்றத்துல நிக்குது. ஆனா அம்மய எங்க கிடத்த? உள்ள வெறும் தகரம். நான் சைக்கிள் எடுத்து உனக்க வீட்டுக்கு வந்தேன், சீட்டு எடுக்க. பூட்டிக் கிடந்து. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னா, விடியதுக்கு முன்ன எல்லாவரும் ரவிய ஏத்திவிட ஏர்போர்ட்டுக்குப் போயாச்சுண்ணு.”

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. ஹர்த்தால் ஆறு மணிக்குத் தொடங்கும் என்று பயந்து இருட்டோடு ஜீப்பில் கிளம்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம்.

“ஜன்னல் வழியா பாத்தா சீட்டு தெரியுது, மக்கா. பூட்ட உடைச்சாலோண்ணு நெனச்சேன். செய்யல்ல. திரும்பி வந்து தகரத்துல ரெண்டு போர்வ விரிச்சு அம்மயக் கிடத்தினேன். நெய்யாற்றின்கரை வர. ஒவ்வொரு குழிக்கும் அவ ஒரு சத்தம் போட்டா. நடுவுல நடுவுல ‘சீட்டு எங்கலே, சீட்டு எங்கலே’ண்ணு கேப்பா. ‘ரவி கொண்டு வாறான் அம்மா, கொறச்சு பொறு’ண்ணு சொன்னேன். வேற என்ன சொல்ல? ஆஸ்பத்திரி சேருயது வர அதையே சொன்னேன்.”

ரப்பர் தோட்டத்தில் எங்கோ மெஷினில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் வாளியிலிருந்து எழுந்தேன்.

“எனக்குத் தெரியாது செல்வின்” என்றேன். பிறகு அது போதாது என்று பட்டது. “சொல்லாமல் போனது தப்பு. பெரிய தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். பிரேக்குக்கு இல்லை.”

“பிரேக்குக்கு இல்லண்ணு வண்டியப் பாத்ததும் மனசிலாச்சு. கோயம்புத்தூருல இல்லாத மெக்கானிக்கா?” என் மனைவி சொன்ன அதே வார்த்தை. “உனக்குத் தெரியாதுண்ணும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் போவல்ல. அதுக்கு என்ன செய்ய?”

ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டான். இப்படிப்பட்டவனிடம் என்னோடு டிராக்குக்கு வா என்று எந்த வாயால் கேட்பது? அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே எதையும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டி தயார் என்று போன் வந்தது. போனால் வண்டி இன்னும் எனக்குத் தரப்படவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று லில்லி விளக்கினார். வேலை முடிந்த எந்த வண்டியும், அது ஜீப்பானாலும் ரேஸ் காரானாலும், ஒரு பரீட்சை பாஸ் பண்ணினால்தான் வெளியே போகும். லில்லி ஓட்டுவார். செல்வின் பின்சீட்டில் மடியில் ஒரு பானைக் கஞ்சித்தண்ணியோடு, மூடி இல்லாமல், உட்காருவான். வெள்ளறடை போய்த் திரும்ப வேண்டும். தண்ணி சிந்தக்கூடாது.

எதற்கு இந்த வழக்கம் என்று நேற்று வரை கேட்டிருப்பேன். இன்று கேட்கவில்லை.

நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். லில்லி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு பெடலில் கால் வைத்தார். செல்வின் பானையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி புறப்பட்டது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மென்மை. குன்னத்துகால் கடைத்தெருவில் பதினைந்து மீன்காரர்களுக்கும் இரண்டு மாடுகளுக்கும் நடுவே நூல் கோத்த மாதிரி போனார். அதற்கப்புறம் ஏற்றம், ரப்பர், வளைவுகள். மீட்டரைப் பார்த்தபோதுதான் எத்தனை வேகத்தில் போகிறோம் என்பது தெரிந்து நான் கைப்பிடியைப் பிடித்தேன். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் முடிந்துவிடுகிறது, வளைவுக்குள் ஸ்டியரிங் ஒரே ஒரு முறைதான் திரும்புகிறது. டிராக்கில் சொல்லிக்கொடுக்க வந்தவர் என்னிடம் நாள் முழுக்கக் கத்திச் சொன்னது இதைத்தான்.

“எங்க படிச்சீங்க இப்படி ஓட்ட?” என்றேன்.

“வேன்லதான். காலத்த பிள்ளியளு புட்டும் பயறும் தின்னுட்டு ஏறும். கொறச்சு அசைஞ்சா வாந்தி எடுக்கும். கழுவுயது நானாக்கும்” என்றார். “பதினோரு வருஷமா ஒண்ணு கூட வாந்தி எடுத்ததில்ல, கேட்டியளா.”

வெள்ளறடையில் வாழைக்காயப்பம் சாப்பிட்டோம். வாழைப்பழ பஜ்ஜிதான். போர்டில் பழம்பொரி என்று இருக்கும், ஜனங்கள் வாயில் வாழைக்காயப்பம். பானை நிறைந்தபடியே இருந்தது. செல்வின் இறங்கி, நாலு ஷாக்கின் திருகையும் இறுக்கினான். “இது ட்ராக்கு செட்டிங். போகும்போ எப்படி இருக்குண்ணு பாரு.” திரும்பும் வழியில் முதல் ஹம்பிலேயே பாதிக் கஞ்சித்தண்ணி அவன் வேட்டியில். இரண்டாவது ஹம்பில் மீதி. கண்ணைத் திறக்காமலே சொன்னான், “ட்ராக்குக்குக் கொள்ளாம். உனக்க மாமியாருக்குக் கொள்ளாது. திங்கக்கெழமைக்கு முன்ன இளக்கிரு.” கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். லில்லி சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவனும் நனைந்த வேட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தபோது எங்கள் இருவர் முகத்திலும் செம்மண் அப்பியிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் திருகுகளுக்குப் பக்கத்தில் அடையாளம் வைத்தான். வெள்ளைப் பெயின்ட் வீட்டுக்கு, சிவப்பு டிராக்குக்கு. வேட்டி மாற்றிக்கொண்டு வந்து சாவியை என் கையில் கொடுத்தான். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க முடியாது.

“அடுத்த மாசம் டிராக் டே இருக்கு. நீ வரணும். நீ ஓட்டணும், நான் பக்கத்தில் உட்காரணும். அதுக்குத்தான் இந்த வண்டியைச் செய்யச் சொன்னேன்.”

அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

“நான் அந்த நாளுக்குப் பெறகு ஒரு வண்டியையும் வெரட்டினதில்ல, மக்கா. கை போவாது. அம்மக்க சத்தம் கேக்கும். ஓட்ட ஆளு வேணும்ணா இதோ இவளக் கொண்டு போ. நம்ம ரெண்டு பேரையும் விட நல்லா ஓட்டுவா.”

“நானா?” என்றார் லில்லி. கேள்வி போலத்தான் கேட்டார். ஆனால் கை அதற்குள் காரின் கூரையைத் தடவிக்கொண்டிருந்தது. “ஞாயிற்றுக்கிழமண்ணா ஆராதனை உண்டு. சனிக்கிழமண்ணா வரலாம்.”

“சனிக்கிழமைதான்” என்றேன். சந்தோஷம்தான். ஆனால் நான் கேட்டது அவரை அல்ல. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“நானும் வாறேன்” என்றான் செல்வின். “ட்ராக்குக்கு இல்ல. போற வழிக்கு. இங்கேருந்து கோயம்புத்தூருக்கு எட்டொம்பது மணிக்கூர் ஆகும் இல்லியா? நீ வந்து எங்களக் கூட்டிட்டுப் போ. இவ முன்னால இருக்கட்டு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நான் பின்னால இருந்து பேசுதேன். அந்தக் காலத்துல இருந்து பேசாத வச்சிருக்கேன், நெறைய உண்டு. நீயும் சொல்லணும். முகத்துக்கு நேர இருந்து பேசினா எனக்கு இப்பவும் கோவம் வரும். முதுகப் பாத்துண்ணா பேசிருவேன்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நடுக் கண்ணாடியில் என் முகம் தெரியுமேடா” என்றேன்.

அவன் குனிந்து காருக்குள் பார்த்தான். பின்சீட்டிலிருந்து கண்ணாடிக்கு ஒரு கோடு போட்டுப் பார்க்கிறவன் போல நிதானமாகப் பார்த்தான்.

“கண்ணு மட்டும்தானே தெரியும்” என்றான். “அது சாரமில்ல.”